யாருக்குக் கேட்கிறீர்கள்?

எண்பதுகளின் கடைசியில் கொள்ளிடக் கரையோரம் ஒரு சிற்றூர்க் கிளை நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். புத்தகம் எடுத்துக்கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதும்தான் வேலை என்று நினைத்துப் போனவளுக்கு, வந்த முதல் வாரத்திலேயே ஊர் வேறொரு வேலை கொடுத்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும். "பல்லி தோள்ல விழுந்தா என்ன பலன்னு எந்தப் புத்தகத்துல இருக்கும்மா?" "காமாலைக்குக் கீழாநெல்லி வெறும் வயித்துலயா, சாப்பிட்ட பொறவா?" "சிங்கப்பூர்ல இப்ப மணி என்ன இருக்கும்? தம்பி போன் பண்றேன்னான்." "நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுத்தி 14 ஊசியாமே, நெசமா?"

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வந்தார்கள். படிப்பு உள்ள இடம் என்றால் பதிலும் உள்ள இடம் என்ற நம்பிக்கை. டாக்டரிடம் போனால் காசு, வக்கீலிடம் போனால் பயம், வாத்தியாரிடம் போனால் கூச்சம். நூலகத்தில் இது எதுவும் இல்லை. என்னை "லைப்ரரி அம்மா" என்று கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை.

பதில் தேட என்னிடம் இருந்தவை கொஞ்சம்தான். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், 1954-ல் தொடங்கி 1968 வரை வந்த 10 தொகுதிகள். எங்கள் பீரோவில் அவற்றில் சில இல்லாமல் இருந்தன. கோவையிலிருந்து வந்த கலைக்கதிரின் பழைய இதழ்கள். ஓர் உலகப்பட நூல். இவற்றில் கிடைக்காவிட்டால் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு கார்டு எழுதுவேன். பதில் வர இரண்டு வாரம் ஆகும். கேட்டவர் அதற்குள் மறந்திருக்க மாட்டார். "என்னம்மா, வந்துச்சா?" என்று சந்தை நாளில் எட்டிப் பார்ப்பார்.

வாரப் பத்திரிகைகளும் அந்த வேலையைச் செய்தன. குமுதத்தில் அரசு பதில்கள், ராணியில் அல்லி, கல்கண்டில் தமிழ்வாணன், பிறகு ஜூனியர் விகடனில் சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?', ஆனந்த விகடனில் மதன். எங்கள் மேசையில் குமுதம் வந்து விழுந்தால் சிறுகதைக்கு முன்னால் கேள்வி பதில் பக்கம்தான் கசங்கும். 15 பைசாக் கார்டில் கேள்வி எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயர் அச்சில் வருமா என்று ஒவ்வொரு வாரமும் பார்க்க வந்த ஒரு தையல்காரர் இருந்தார். அவர் கேட்டது வானவில் ஏன் வளைந்திருக்கிறது என்று. கேள்வி கேட்பது அன்று கௌரவமான காரியம். அந்தக் கௌரவத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

நூலகப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள். சீர்காழியில் 1892-ல் பிறந்த கணித ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-ல் புத்தகமாகவே எழுதி வைத்த விதிகள் அவை. நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. உடனே சொல்லிவிடக்கூடிய கேள்வி, உட்கார்ந்து தேடவேண்டிய கேள்வி என்று அவர் இரண்டாகப் பிரித்தார். கேட்க வருகிறவரிடம் நூலகர் முகம் கொடுத்துப் பேசாமல் இரண்டில் எது என்றே தெரியாது என்பதையும் அவர் விடாமல் வலியுறுத்தினார். இப்போது நான்காவது விதி ஒவ்வொருவர் கைப்பேசிக்குள்ளும் நிறைவேறிவிட்டது. பேசுவது மட்டும் நின்றுபோனது.

காமாலையையே எடுத்துக்கொள்கிறேன். கீழாநெல்லி எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டவருக்கு நான் கலைக்களஞ்சியத்தைத் திறப்பதற்கு முன் ஒன்று கேட்பேன். "யாருக்கு?" சாராயம் குடித்து ஈரல் வீங்கிய அண்ணனுக்கு என்றால் ஒரு வழி. பள்ளிக்கூடத் தண்ணீர் குடித்து வந்த பையனுக்கு என்றால் வேறு வழி. ஒருமுறை ஒரு பெரியவர் இழுத்து இழுத்துச் சொன்னார், "மருமகளுக்கு. எட்டு மாசம்." தண்ணீர் வழியாகப் பரவும் ஈ வகைக் காமாலைக் கிருமியால் வருவது, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும் நோய். நிறைமாதக் கர்ப்பிணிக்கு அதே கிருமி உயிரையே குடித்துவிடக்கூடும். அந்தக் கிருமியைப் பற்றியெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. எட்டு மாதம் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. அன்று மாலையே வண்டி பிடித்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தாள்.

கீழாநெல்லியை நான் இகழவில்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும், பி வகைக் காமாலைக் கிருமியைத் தாங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லி வகைச் செடியைக் கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்ததாக லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தச் செய்தி தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தபோது எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் அதை வெட்டி மட்டையில் ஒட்டி வைத்திருந்தார். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. இது ஒட்டி வைக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு கிராமத்துக் கேள்வியை ஆய்வகம்வரை கொண்டுபோய்ப் பார்த்தார்களே, அந்தச் செயல் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் கேள்விகளுக்கு அப்படிப்பட்ட மரியாதை அடிக்கடி கிடைப்பதில்லை.

மருந்தைவிடச் சிக்கலானது சொத்து. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பெண் கல்கி நாவல்கள் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருந்தார். தினத்தந்தி மேசையில் இருந்த ஆண்கள் எல்லோரும் போனபிறகு வந்து மெல்லக் கேட்டார். "பொண்ணுக்கு அப்பா நெலத்துல பங்கு உண்டாம்மா?"

உண்டு என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். சரியான பதிலும்கூட. ஆனால் அவருக்குப் பயன்பட்டிருக்காது. நிலம் அப்பா சம்பாதித்ததா, தாத்தா வழியில் வந்ததா? அப்பா இருக்கிறாரா? உயில் உண்டா? கடைசியாக, உங்களுக்குக் கல்யாணம் எந்த வருடம்? கடைசிக் கேள்விக்கு அவர் திகைத்துப்போனார். கல்யாணத்துக்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

இருந்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பிறப்பாலேயே பங்கு கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு மட்டும் இல்லை. இந்த அம்மாவுக்கு 1987-ல் கல்யாணம். தங்கைக்கு 1990-ல். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே நிலத்தில் நாற்று நட்டவர்கள். தங்கைக்கு அண்ணனுக்குச் சமமான பங்கு. அக்காவுக்கு, அப்பா காலமானால் அவருடைய பங்கிலிருந்து பிரிந்து வரும் ஒரு துண்டு மட்டும்.

அந்த அம்மா இந்தக் கேள்வியோடு நான் ஓய்வு பெறும்வரை வந்துகொண்டிருந்தார். நடுவில் அப்பா இறந்துபோனார். 2005-ல் நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டு, செப்டம்பர் 9 முதல் கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பிரிவே எடுபட்டது. அவருக்கு உண்டு என்று ஆயிற்று. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 2005-ல் அந்தத் தேதியன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. இல்லை என்று ஆயிற்று. 2020 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் அமர்வு, பங்கு பிறப்பால் வருவது, அப்பா அன்றைக்கு உயிரோடு இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்று தீர்த்துச் சொன்னது. மறுபடி உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியோ, நீதிமன்ற ஆணையாகவோ முடிந்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது. அவர்கள் வீட்டில் பதிவு நடக்கவில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்று நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்டப் பணிகள் குழுவுக்கு வழி காட்டினேன். இப்போது அவர் பெயரில் பட்டா இருக்கிறது. கொஞ்சம்தான், ஆனால் அவர் பெயரில்.

அன்று அவர் கேட்ட அதே வரியை இன்று கைப்பேசியில் கேட்டால் ஒரு நொடியில் உண்டு என்று வருகிறது. அழகாக, பிழையில்லாத தமிழில், பிரிவு எண்ணோடு வருகிறது. எந்த வருடம் கல்யாணம் என்று பெரும்பாலும் அது கேட்பதில்லை. கேட்காததால் அவரும் சொல்லப்போவதில்லை. சொல்லவேண்டியது என்றே அவருக்குத் தெரியாது.

இதை வைத்து அந்தக் காலமே பொற்காலம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் காலத்தில் கேட்கப்படாமலே போன கேள்விகளை நான் அறிவேன். வெள்ளைப்படுதல் பற்றி, மாதவிடாய் தள்ளிப்போவது பற்றி, குழந்தை வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பது பற்றி, பெண்ணான என்னிடம்கூட வாய் திறந்து கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, வேறு அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் சமையல் குறிப்புகளுக்குப் பின்னாலிருந்து நான் அதை எடுப்பேன். விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' நடத்தியபோது, வீட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்ததாகச் சொன்ன ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளே கல்லூரி போகிற வயது.

இன்று பதினாறு வயதுப் பெண் இரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். பதிலும் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம். அந்தப் பெண்களுக்காக நான் பட்ட ஆதங்கம் எனக்குத்தான் தெரியும்.

கைப்பேசி எதனால் வென்றது என்று யோசிக்கும்போது வேகம் ஒரு காரணமாகத் தெரியவில்லை. அது திட்டுவதில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதில்லை. நம் ஊரில் பதில் தெரிந்தவர்கள் பலருக்குத் திட்டாமல் சொல்ல வருவதில்லை. புறநோயாளிகள் வரிசையில், தாலுகா அலுவலகத்தில், வங்கியில், பள்ளிக்கூடத்தில், கேள்வி கேட்டவர் முதலில் வாங்குவது ஒரு முறைப்பு. அத்தனை முறைப்புகளையும் வாங்கிய சனம், முறைக்காத ஒன்றைக் கண்டதும் அதன் பக்கம் போனதில் ஆச்சரியம் என்ன?

போன வருடம் எங்கள் தெருப் பெண்ணுக்குப் பிரசவம். மருத்துவமனையில் துணைக்கு இருந்தேன். பிறந்த மறுநாள் விடியற்காலை, குழந்தையின் கண்ணில் மஞ்சள் தெரிந்தது. அந்தப் பெண் கைப்பேசியில் கேட்டாள். பிறந்த குழந்தைகளுக்கு இது சாதாரணம், ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும், அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள் என்று பதில் வந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மையும்கூட. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் மட்டும் அது சாதாரணம் அல்ல, உடனே பார்க்கவேண்டியது. அவளுடைய கேள்வியில் மணி இல்லை. பதிலிலும் இல்லை. பத்தடி தூரத்தில் செவிலியர் உட்கார்ந்திருந்தார். "அவங்ககிட்ட ஏன் கேக்கல?" என்றேன். "ராத்திரியே ரெண்டு தடவ எழுப்பிட்டேங்க்கா. திட்டுவாங்க."

நான் போய்ச் சொன்னேன். செவிலியர் திட்டவில்லை. வந்தார், குழந்தையின் நெஞ்சில் விரலை அழுத்திப் பார்த்தார், எத்தனை மணிக்குப் பிறந்தது என்று கேட்டார், தாயின் ரத்த வகையைக் கேட்டார். தாய்க்கு ஓ, குழந்தைக்கு ஏ. அந்தப் பொருத்தமின்மையால் குழந்தையின் ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் ஏறிக்கொண்டிருந்தது. நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். குழந்தை இப்போது நன்றாகத் தவழ்கிறது. அந்தச் செவிலியரின் இரண்டு கேள்விகளை நான் மறக்கவில்லை. அந்த வார்டில் முறைப்பைப் பற்றிய பயம் இல்லாமல் இருந்திருந்தால், என் தூது தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று என்னை வருத்துகிறது. 1980 பிப்ரவரி 16, சூரிய கிரகணம். நான் பள்ளிக்கூடப் பெண். எங்கள் தெருவில் ஓர் ஆள் வெளியே இல்லை. கர்ப்பிணியாக இருந்த அத்தையை இருட்டறையில் வைத்துப் பூட்டினார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பாட்டியோடு சண்டை போட்டவர்கள் நாங்கள், அன்றைய இளசுகள். அறிவியல் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை வைத்துக்கொண்டு வாதாடினோம். நிலவின் நிழலுக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் உதடு பிளப்பதற்கும் என்ன உறவு என்று கேட்டோம். 2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல், திருச்சிப் பக்கமெல்லாம் வளையமாகத் தெரிந்த கிரகணத்துக்குப் பிள்ளைகள் கண்ணாடி வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். அன்று காலை என் கைப்பேசிக்கு, கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது, தர்ப்பை போட்டு வையுங்கள் என்று செய்தி மேல் செய்தி. அனுப்பியவர்கள் யார்? 1980-ல் என்னோடு நின்று பாட்டியிடம் வாதாடியவர்கள். மறுப்பு எழுதி அனுப்பியது அவர்களுடைய பேத்திகள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசியும் அப்படித்தான். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நாட்டில் நிறுத்தி இருபது வருடமாகிறது. இப்போது கையில் போடும் சில ஊசிகள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் போடுகிறார்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ வைக்கக்கூடாது. ஊசி போய்விட்டது, பயம் போகவில்லை. நாய் கடித்ததை வீட்டில் மறைத்த ஒரு பையனை இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தேன். 14 ஊசி என்று எங்கே கேட்டாய் என்றேன். தாத்தா சொன்னாராம்.

ஓய்வு பெற்றபிறகும் சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போகிறேன். இப்போதைய நூலகர் நல்ல பெண். குழந்தைகள் பகுதியில் எனக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார். பிள்ளைகளுக்குக் கைப்பேசியைத் தள்ளிவை என்று நான் சொல்வதில்லை. கேட்பதற்கு முன் ஒரு சீட்டில் நான்கு விவரம் எழுதச் சொல்கிறேன். யாருக்கு, என்ன வயது, எப்போதிலிருந்து, இதுவரை என்ன செய்தீர்கள். அந்த நான்கையும் சேர்த்துத் தட்டச்சு செய்தால் அதே கருவி வேறு பதில் சொல்கிறது. சில சமயம், இதற்கு நான் போதாது, உடனே மருத்துவரிடம் போங்கள் என்கிறது. அதுவும் நல்ல பதில்தான். தூரன் தொகுத்த கலைக்களஞ்சியத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. எங்கள் பீரோவில் இல்லாத தொகுதிகளை அங்கே காட்டுகிறேன். மாவட்ட மைய நூலகத்துக்குக் கார்டு போடவேண்டியதில்லை.

சென்ற மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தலைசுற்றல் ஏன் வருகிறது என்று கேட்டாள். சீட்டைக் கொடுத்தேன். பென்சிலை நக்கி நக்கி எழுதினாள். அப்பாயிக்கு. அறுபத்தெட்டு. தீபாவளியிலிருந்து. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து வெந்தயத் தண்ணீர் மட்டும் குடிக்கிறார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது.

நூலகர் மேசையில் இருந்த தொலைபேசியில் அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டோம்.